நான்கு லெவல் போதும்

அன்பு நண்பா,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இரண்டு மாதமாக எங்கள் ப்ராஜெக்ட்டில் லாக் லெவல்களோடுதான் மல்லுக்கட்டினேன். அதாவது, ப்ரோக்ராம் ஓடும்போது எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று போடும் பெயர். நீயும் புது டீமுக்குப் போயிருக்கிறாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் சர்வீஸ்கள் பைத்தான், ஜாவா, கோ என்று மூன்று மொழிகளில் இருக்கின்றன. பைத்தானில் கிரிட்டிக்கல் என்று ஒரு லெவல் உண்டு. ஜாவாவோடு வரும் லாகிங்கில் சிவியர் முதல் ஃபைனஸ்ட் வரை ஏழு லெவல். கோ 1.21இல் வந்த எஸ்லாக் என்ற லாக் தொகுப்பில் நான்குதான். பெயர் மட்டும் வேறு என்றால் ஓர் அட்டவணை போட்டு மாற்றிவிடலாம். ஒரே பெயரை ஆளுக்கொரு அர்த்தத்தில் எழுதியிருந்ததுதான் சிக்கல். யாராவது பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் லாகின் சர்வீஸ் எரர் என்று எழுதும். பேமெண்ட் சர்வீஸோ வங்கியிடம் மூன்று முறை கேட்டும் பதில் வராததை வார்னிங் என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

ஒரு ராத்திரி டேட்டாபேஸ் டிஸ்க் நிரம்பிவிட்டது. அன்று ஆன்-கால் நான்தான், பிரச்சினை வந்தால் எழுந்து பார்க்க வேண்டிய முறை என்னுடையது. அலர்ட் வந்துகொண்டே இருந்தது. வழக்கமான பாஸ்வேர்டு எரர்தான் என்று நினைத்து, போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் நடுராத்திரிக்கு அப்புறம் ஓர் ஆர்டர்கூடப் பதிவாகவில்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் சர்வருக்காக எழுதிய சிஸ்லாக் என்ற லாக் முறையிலிருந்து வந்த எட்டு லெவல்கள், 2009இல் வெளியான அதன் தரநிலையான ஆர்எஃப்சி 5424இலும் அப்படியே இருக்கின்றன. எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். சரி, எவ்வளவு மோசம் என்று கேட்பதை விட்டுவிடுவோம், இதைப் பார்த்து யார் எப்போது எழுந்து வர வேண்டும் என்று கேட்போம் என்றேன். அப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

எரர், வார்ன், இன்ஃபோ, டீபக் என்று நான்கே லெவல் வைத்துக்கொண்டோம். எரர் என்றால் இப்போதே ஒருவர் வந்து பார்க்க வேண்டும். தப்பான பாஸ்வேர்டு இனி இன்ஃபோ, அதாவது வெறும் தகவல். பிழை தேடும்போது எழுதும் டீபக், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் ஓடாது. வார்னுக்குத்தான் பெரிய சண்டை. யாரும் படிப்பதில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். பத்து நாளில் காலாவதியாகப் போகும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை வேறு எதில் எழுதுவது? ராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டாம், ஆனால் இந்த வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதற்காகவே வார்னை விடாமல் பிடித்துவைத்தேன்.

ஃபேட்டல் என்ற லெவலை மட்டும் யோசிக்காமல் தூக்கினேன். கோவின் பழைய லாக் தொகுப்பில் ஃபேட்டல் என்று எழுதினால் ப்ரோக்ராமே நின்றுவிடும், முடிவில் ஓட வேண்டும் என்று டிஃபர் போட்டு வைத்த எதுவும் ஓடாது. லாக் எழுதும் வரிக்கு அந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். ஜாவாவில் லாக் எழுதப் பயன்படும் எஸ்எல்எஃப்4ஜே தொகுப்பிலும் ஃபேட்டல் கிடையாது.

எல்லா லாகும் ஓரிடத்தில் சேரும்போது ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொதுத் தரநிலையின் எண்களாக மாற்றிவிடுகிறோம்: டீபக் 5, இன்ஃபோ 9, வார்ன் 13, எரர் 17. பழைய ஜாவா சர்வீஸில் இன்னும் பாதி வேலை பாக்கி.

போன மாதம் ராத்திரியில் இரண்டே இரண்டு அலர்ட். இரண்டுக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன், இரண்டுமே நிஜப் பிரச்சினை.

உங்கள் டீமில் எரர் என்று எதற்கெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொல். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்