கடாரத்துக்குப் பேருந்து விடும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வேலை நிமித்தம் பினாங்கில் வசிக்கும் தமிழ்நாட்டுக்காரன் நான். வார இறுதிகளில் பழைய கடாரமான மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு நீங்கள் ஏற்பாடு செய்யும் பூஜாங் பள்ளத்தாக்குப் பயணங்கள் இல்லையென்றால், அங்குள்ள மெர்போக்கில் பழங்கோயில்கள் இருப்பதையே அறியாமல் என்னைப் போன்ற பலர் ஊர் திரும்பியிருப்போம். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

பேருந்து கிளம்பியதும் ஒலிபெருக்கியில், "இராசேந்திர சோழன் கட்டிய கோயிலைப் பார்க்கப் போகிறோம்" என்று அறிவிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 1025ஆம் ஆண்டையொட்டி அவன் கடாரத்தின் மீது நடத்திய படையெடுப்பு உண்மை. அவன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாடலான மெய்க்கீர்த்தி "கடுமுரட் கடாரம்" என்று பாடுவதும் உண்மை. ஆனால் நாம் பார்க்கப்போகும் அந்தப் புக்கிட் பத்து பகாட் கோயிலை இன்னார் கட்டினார் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. சோழர் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்தரும் சைவரும் வணிகரும் கூடிய துறைமுகப் பகுதி அது. சொல்வதற்குப் பெருமையான செய்தி வேண்டுமென்றால், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்ததையும் சொல்லலாம். போருக்கு முந்தைய அந்த உறவு, வெற்றி முழக்கத்தைவிட எனக்குச் சுவையாகப் படுகிறது.

அடுத்தது நேரம். குழுப்படம் எடுத்துவிட்டு உணவுக்கு ஓடும் அவசரத்தில், 1930களில் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து, பின்னர் 1959–60இல் மற்றோர் ஆய்வாளரான அலஸ்டர் லாம்ப் மீண்டும் அடுக்கி நிறுத்திய அந்தக் கருங்கல் அடித்தளத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்லாலான தூண்பீடங்களின் நடுவே உள்ள குழிகளைக் காட்டி, அவற்றில் நின்றவை மரத்தூண்கள் என்றும், அதனால்தான் மேற்கட்டுமானம் எதுவும் எஞ்சவில்லை என்றும் ஒருவர் விளக்கினால், வெறும் மேடையாகத் தெரிவது கோயிலாகத் தெரியத் தொடங்கும். கோயிலின் கீழ்ப் புதைக்கப்பட்டிருந்த, குழிகள் கொண்ட கற்பேழைகளைப் பற்றியும் அங்கேயே சொல்லுங்கள். கோயில் கட்டும்போது அடியில் பேழை வைக்கும் கர்ப்பநியாசச் சடங்கை அறிந்த நம்மவர்க்கு அது உடனே பிடிபடும். அந்தக் கல்லின்மேல் கற்பூரம் ஏற்ற மட்டும் யாரையும் விடவேண்டாம். அது இப்போது தொல்லியல் சின்னம். கரி படிந்தால் எளிதில் போகாது.

என் முதன்மையான வேண்டுகோள் வேறு. 2013இல் இதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்டத்தில், தொல்லியலார் பதினொன்றாம் எண் கொடுத்திருந்த பழங்கோயிலின் எச்சம் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோதுதான், தனியார் நிலத்தில் கிடக்கும் இடிபாடுகளுக்கு எவ்வளவு குறைந்த பாதுகாப்பு இருக்கிறது என்பது பலருக்கு உறைத்தது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், பள்ளத்தாக்கில் இன்னும் பதிவு பெறாத இடங்களைப் பதிவு செய்யுமாறு உங்கள் சங்கங்கள் ஒன்றாக மனு அளிக்க வேண்டும். இதைத் தமிழர் உரிமைக் கோரிக்கையாக எழுதாமல், மலேசியர் அனைவரின் பழஞ்செல்வத்துக்கான கோரிக்கையாக எழுதினால் கேட்பவர் காது திறக்கும்.

மனுவின் தமிழ் வரைவை நான் எழுதித் தருகிறேன். என் மலாய் கடைவீதியோடு சரி. ஆகவே மலாய் வடிவத்தை உங்களில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவன்,
பினாங்கு