குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, குடிநீர் தொடர்பாக நாம் கொடுத்த மனுக்களின் நிலவரம் அறிவிப்புப் பலகையில் உள்ளது. எனவே, வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதை நிறுத்த நாம் எடுத்த முயற்சியைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

இதற்குக் காரணம் என்னுடைய ஓர் அழைப்பு. ஒரு மாலை, சந்தா ரசீது விஷயமாக நம் உறுப்பினர் ஒருவரைக் கூப்பிட்டேன். "சொல்லுங்க சார்" என்றார். பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டது. அப்போதே நான் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே முன்னால் நின்ற வண்டியில் மோதி, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் இரண்டு கையாலும்தான் ஓட்டினார், பேசியது புளூடூத்தில். பார்க்கப் போனபோது, "ரோட்டைத்தான் சார் பார்த்துக்கிட்டு இருந்தேன், ஆனா அந்த வண்டி தெரியல" என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் சொன்னது சமாளிப்பு அல்ல. கண் பார்த்தாலும், மனம் பேச்சில் இருந்தால் மூளை அதைப் பதிவுசெய்யாமல் விட்டுவிடும். கனடாவின் டொராண்டோவில், செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் நெரிசலைக் கண்டதும் தானே வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

விழிப்புணர்வுக் கூட்டத்தில் சொற்பொழிவு வைக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்தால் வண்டி 83 மீட்டர் ஓடிவிடும். அந்த நீளத்தை டேப் பிடித்து நம் தெருவிலேயே அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டிலிருந்து கோடுவரை எத்தனை வாசல் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். பெரியவர்கள் பேசாமல் நின்றார்கள்.

சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். போனுக்கோ வண்டியில் உள்ள கருவிக்கோ வாயால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 விநாடிவரை ஆகலாம் என்று 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்குள் பச்சை விழுந்து வண்டி கிளம்பிவிடும்.

போனில் வரும் ஆர்டரை நம்பிப் பிழைக்கும் உறுப்பினர்களும் நம்மிடையே உண்டு. எடுக்காதே என்று அவர்களிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவர்களை அவசரப்படுத்தும் நம் வீட்டாரிடமும் பேசியிருக்கிறோம். இதில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் சங்கத்திலிருந்து யாரையும் அழைப்பதில்லை. இரண்டு, மற்ற நேரத்தில் அழைத்தாலும் "வண்டியில இருக்கீங்களா?" என்பதே முதல் கேள்வி. ஆமாம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும். முதல் தீர்மானத்தை முன்மொழிய, காயம்பட்டுத் தேறிவந்திருக்கும் அந்த உறுப்பினரே இசைந்திருக்கிறார்.

அதற்கு முன், வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.