அக்காவின் உத்தியோகத்தையாவது சரியாகப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு பதிப்பின் நினைவுப் பக்கத்தில் என் மூத்த அக்காவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் தந்ததற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் அதில் வந்த ஒரு வசனம் நாலு நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "ஆராய்ச்சி, வயல் என்று அலைந்தபோதும் குடும்பத்தைக் கவனிக்க அவர் ஒருநாளும் தவறியதில்லை." எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார். வாசித்த எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அக்கா குடும்பத்தைப் பார்த்தவர் என்பதற்கு நானே சாட்சி. ஐயா காலமானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் தங்கச்சியும் படித்தது அக்காவின் சம்பளத்தில். பிறகு அம்மா பாரிசவாதத்தில் விழுந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தார். பேராதனையில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் அந்த நேரத்தில்தான் வந்தது. அக்கா அதை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். போகவேண்டாம் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் அப்போது உழைக்கத் தொடங்கியிருந்தேன். "அம்மாவை நான் பார்க்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தங்கள் கட்டுரை இதைத் 'தியாகம்' என்று மூன்று இடத்தில் புகழ்கிறது. அந்தத் தியாகத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லை என்னால் வாசிக்க முடியவில்லை.

அக்கா அலைந்தவர் அல்ல. புதிய நெல்லினம் உருவாக்கும் வேலை செய்தவர். நெல்லில் இனம் கலப்பது எப்படி என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நெற்பூவுக்குள் ஆறு மகரந்தப்பைகள். உமியின் நுனியைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி, அந்த ஆறையும் இடுக்கியால் எடுத்து, கதிரைக் கடதாசி உறையால் மூடவேண்டும். ஒன்று தவறினாலும் அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே கருக்கட்டிவிடும். அக்கா அதைப் பின்னேரத்தில் செய்வார். அடுத்த நாள் முற்பகல், பூ மலரும் நேரம் பார்த்து மற்ற இனத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதறவேண்டும். அந்தப் பின்னேரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மருமகள் வரம்போரத்து மருதமரத்தடியில் இருந்து வாய்பாடு சொல்வாள். அக்கா கதிரிலிருந்து கண்ணெடுக்காமலே பிழை திருத்துவார். இதற்கிடையில் 'அலைந்தபோதும்' என்ற சொல்லை எங்கே செருகினீர்கள், ஐயா?

பூநகரியின் உவர் வயல்களுக்கென்று எங்கள் பழைய நெல்லான மொட்டைக்கறுப்பனைக் குறுங்கால இனங்களோடு கலந்து பார்ப்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. ஒரு நெல்லினம் உருவாகி வெளிவரப் பத்து வருடமளவில் செல்லும். எங்கள் மண்ணில் யாருக்குத் தொடர்ந்து பத்து வருடம் கிடைத்தது? 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், பிறகு மல்லாவி என்று நாங்கள் இடம்பெயர்ந்தபோது எல்லாரும் சட்டி பானையை ஏற்றினோம். அக்கா இரண்டு மாப்பேணி நிறைய விதைநெல் உறைகள் கொண்டுவந்தார். ஒவ்வோர் உறையிலும் பென்சிலால் இலக்கம். பேனை மை நனைந்தால் ஓடும், பென்சில் ஓடாது என்பார். மல்லாவியில் இரவல் காணியில் நாலு பாத்தி கட்டி அந்த விதைகளைப் போட்டார். 2009 இல் அவையும் போயின. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து, ஞாபகத்தில் நின்ற இலக்கங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினார். கொப்பி என்னிடம் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் வந்திருந்தபோது மேசைமேல்தான் வைத்திருந்தேன். அவர் புரட்டிப் பார்க்கவில்லை. அக்காவின் மீன்குழம்பைப் பற்றித்தான் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ன நெல் விதைத்தீர்கள் என்று வன்னியில் எந்த விவசாயியைக் கேட்டாலும் பீ.ஜி. 300, ஏ.ரி. 362 என்று சொல்வார்கள். பீ.ஜி. என்றால் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம், ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை நிலையம். நெல்லுக்கு நிலையத்தின் பெயரும் இலக்கமும்தான் வைக்கிறார்கள், உருவாக்கியவரின் பெயரை அல்ல. 1958 இல் வெளியான எச்.4 என்ற இனத்தின் தாய் தந்தையில் ஒன்று முருங்கைக்காயன் என்ற பழைய நெல் என்று நெல்லின் வம்சம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வெயிலில் குனிந்து நின்று அந்தப் பூக்களை நறுக்கிய கைகள் யாருடையவை என்பது எந்த விதைமூடையிலும் இல்லை. அப்படிப்பட்டவர்களின் பெயரையும் வேலையையும் ஒருங்கே எழுத ஊரில் இருக்கிற இடம் பத்திரிகைதான். அந்த இடத்தையும் மீன்குழம்புக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இது முதல்தரம் அல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்தபோது, இன்றைய நெல்லினங்கள் உரத்துக்கு விளைச்சல் தரும்படி உருவாக்கப்பட்டவை, ஒரே போகத்தில் உரத்தை நிறுத்தினால் விவசாயி விழுந்துபோவான் என்று அக்கா இரண்டு பக்கம் எழுதித் தங்களுக்கு அனுப்பினார். வரவில்லை. மறுவாரம் மகளிர் பகுதியிலிருந்து தொலைபேசி எடுத்து, புட்டுக்கு எந்த அரிசி நல்லது என்று கேட்டார்கள். அக்கா மரியாதையாகப் பதில் சொன்னார். மொட்டைக்கறுப்பன் என்றார். அந்தப் பதிலைப் போட்டீர்கள். அந்த வருடம் கார்த்திகையில் தடையை அரசாங்கமே விலக்கிக்கொண்டது. பயிர் மஞ்சளித்து நின்ற வயல்களை அக்கா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரவு சாப்பிடாமல் படுத்ததை நான் கண்டேன்.

எங்கள் ஊர்ப் பத்திரிகை மட்டும் இப்படிச் செய்யவில்லை என்று மருமகள் எனக்கு ஆறுதல் சொன்னாள். 2013 இல் அமெரிக்காவில் இவோன் பிரில் காலமானார். செய்மதிகளைத் தம் பாதையில் நிறுத்திவைக்கும் உந்துபொறியைக் கண்டுபிடித்த பெண் அவர். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அவருடைய மாட்டிறைச்சிச் சமையலைச் சொல்லித்தான் நினைவுக்குறிப்பைத் தொடங்கியதாம். வாசகர்கள் கோபித்துக்கொண்ட பிறகு அந்த வரியை மாற்றினார்களாம். எனக்கு ஆறுதல் வரவில்லை. அவ்வளவு பெரிய பத்திரிகையே வாசகன் சொன்னதும் திருத்தியது என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன்.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம். அக்காவை 'விவசாயப் போதனாசிரியர்' என்று போட்டிருந்தீர்கள். அதுவும் மதிப்பான உத்தியோகம்தான், ஆனால் அக்கா பார்த்தது அதை அல்ல. அவர் 31 வருடம் நெல் இனவிருத்தியில் ஆராய்ச்சி உத்தியோகத்தராக இருந்தவர். அடுத்து, நாங்கள் தந்த இரண்டு படங்களில் பட்டுச்சேலைப் படத்தைத்தான் பிரசுரித்திருந்தீர்கள். திருத்தம் போடுவதாயிருந்தால் வயலில் நிற்கும் படத்தை மறுபடியும் அனுப்புகிறேன். அதில் அக்காவின் காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்னாரின் தம்பி,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பரந்தன்.