ரட்லண்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் கவுன்டிகள் (நம்மூர் மாவட்டங்கள் மாதிரி) பற்றிய ஞாயிறு கட்டுரை அருமை. ஆனால் ரட்லண்ட் கவுன்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. மிகச் சிறியதுதான், சரி. அதனாலேயே 1974-ல் அதைப் பக்கத்துக் கவுன்டியான லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிட்டார்கள். ஊர் மக்கள் விடவில்லை. 1997-ல் தனி நிர்வாகத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அதன் தலைநகரான ஓக்கமில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மண்டபம் இன்றும் நிற்கிறது. பிரபுக்களோ அரச குடும்பத்தாரோ முதல் முறை அந்த ஊருக்கு வந்தால் ஒரு குதிரை லாடம் தர வேண்டும் என்பது வழக்கம். இருநூறுக்கும் மேற்பட்ட லாடங்கள் அந்த மண்டபத்தின் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. பல லாடங்கள் எந்தக் குதிரைக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. உச்சியில் கிரீடம் வைத்து, கொடுத்தவர் பெயரும் பொறித்திருக்கும். எல்லாமே வாய்ப்பகுதி கீழ்நோக்கித்தான். மற்ற ஊர்களில் அப்படி மாட்டினால் அதிர்ஷ்டம் வழிந்துவிடும் என்பார்கள்.

ராஜாவிடமே லாடம் கேட்டு வாங்கிய ஊர் அல்லவா! அடுத்த பாகத்தில் ஓக்கமுக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள். அந்தச் சுவரின் படத்தையும் அவசியம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்