தலையில் படர்தாமரை: களிம்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் தோல் நோய்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், தலையில் வரும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றுக்கும் களிம்பு தடவினால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. அது சரியன்று.

அதே நம்பிக்கையில்தான் நானும் என் மகனின் தலையில் இரண்டு மாதங்கள் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். சிறு வட்டமாகச் செதில் உதிர்ந்தபோது பொடுகு என்றார்கள். முடி தோலோடு முறிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தபோது புழுவெட்டு என்றார்கள். பிறகு அந்த இடம் சீழ் கோத்து மெத்தென்று வீங்கியது. அதைக் கீறிவிட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் தோல் மருத்துவரோ, அது சாதாரணச் சீழ்க்கட்டி அல்ல, பூஞ்சைக்கு எதிராக உடல் காட்டும் கடுமையான அழற்சி என்றும், கெரியான் எனப்படும் அந்த நிலையில் சிகிச்சை தாமதமானால் தழும்பு விழுந்து அவ்விடத்தில் முடி முளைக்காமலே போகக்கூடும் என்றும் விளக்கினார்.

ட்ரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம் ஆகிய பூஞ்சைகள் மயிர்க்காலுக்குள் இறங்கி முடித்தண்டையே பற்றிக்கொள்வதால், மேலே தடவும் மருந்து அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. எனவே கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின் போன்ற மருந்துகளை, மருத்துவர் சொல்லும் அளவில், பல வாரங்கள் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. கீட்டோகோனசோல் ஷாம்பு பூஞ்சை வித்துகள் பரவுவதைக் குறைக்கும். அது மட்டுமே நோயைத் தீர்க்காது. அரிப்புக்காக ஸ்டீராய்டு களிம்பைத் தாமாகத் தடவுவது நோயின் தோற்றத்தை மாற்றி, கண்டறிவதையே கடினமாக்கிவிடும். முறிந்த முடியையும் செதிலையும் நுண்ணோக்கியில் பார்த்தும் ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்தும் உறுதிசெய்யலாம் என்பதால் ஊகத்துக்கு இங்கே அவசியமே இல்லை.

வீட்டில் அறிகுறியே இல்லாதவர்களிடமும் பூஞ்சை தங்கியிருக்கலாம். பூனை, நாய்க்குட்டிகளிடமிருந்தும் சில வகைகள் தொற்றும். சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றைப் பகிர்வதை நிறுத்த வேண்டும். தலையை மொட்டையடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் மகனுக்கு அதைச் செய்து அவனைக் கூனிக்குறுக வைத்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கட்டுரை வெளியான அதே பக்கத்தில் இத்திருத்தத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி