உடைந்த ஊசிக்குக் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர்க் கம்பெனிகளின் பெயரில் போலி லேபிள் ஒட்டி விற்கும் பனியன்களைப் பற்றிய தலையங்கம் படித்தேன். எங்கள் ஊர்க் கம்பெனிகளின் கோபம் நியாயம்தான். ஆனால் அசல் லேபிளை வரைகிற கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்றும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

18 வருடமாகத் திருப்பூரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடுகிறேன். அவற்றைத் துணியில் அடுக்கிக் காட்டும் மார்க்கர் வரைபடமும் போடுவேன். பாதிக்கு மேல் கிராக் சாப்ட்வேரில்தான், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கிருந்த மூத்தவரிடம் கேட்டேன், "அண்ணா, ஒரிஜினல் இல்லீங்களா?" என்று. "எல்லாரும் இதைத்தான் போட்டிருக்காங்க தம்பி, நீ மார்க்கரைப் போடு" என்றார். அதோடு சரி.

தையல் பகுதியில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. சரக்கு வாங்கும் பையரின் ஆடிட்டில் அந்த நோட்டைக் கேட்பார்கள். சாப்ட்வேர் லைசென்ஸைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பணமில்லாமல் இல்லை. லோன் போட்டு வெளிநாட்டுக் கட்டிங் மெஷின் வாங்குவார்கள். மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம், ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்கலாம். சாப்ட்வேருக்கு எங்கே பொட்டு வைப்பது?

சம்பளத்துக்கு இருக்கிற நாங்களும் யோக்கியமில்லை. பென் டிரைவில் கிராக் வைத்திருப்பவனுக்கு எங்களுக்குள் தனி மரியாதை. அதைப் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், நிறுத்துவோம். அப்படி நிறுத்திய கம்ப்யூட்டரில் ஒருநாள் காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. திறந்துவிட பிட்காயினில் பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பழைய அட்டைகளைத் தேடி ஒரு சீசன் பேட்டர்னை மறுபடி ஏற்றினோம். தேதி தாண்டிவிட்டதால் சரக்கு கப்பலுக்குப் பதில் விமானத்தில், அதுவும் எங்கள் செலவில் போனது. அந்தப் பணத்தைப் பற்றி முதலாளி இன்றுவரை பேசுவதில்லை.

படிக்கிற பையன் வீட்டில் கிராக் போட்டுப் பழகுவதை இதோடு சேர்க்க எனக்கு மனமில்லை. சட்டமே பிரித்துத்தான் பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுப்படி, தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல், 50,000க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

லேபிள் வேலைக்கு இப்போது இங்க்ஸ்கேப் என்ற வரைகிற சாப்ட்வேர் போட்டிருக்கிறேன், இலவசம்தான். மார்க்கருக்கு முறையான லைசென்ஸ் வாங்கக் கொட்டேஷன் கொடுத்து மூன்று வாரமாகிறது. "பார்க்கலாம் தம்பி" என்றிருக்கிறார் முதலாளி.

இப்படிக்கு,
ஒரு பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்