மண்ணைப் பார்க்காமல் கன்று வைக்காதீர்கள்: அலையாத்தி நடவுப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முத்துப்பேட்டைக் கடலோரத்தில், எங்கள் ஊர்க் கழிமுகத்தை ஒட்டிய திட்டில், இந்த மழைக்காலத்திலும் அலையாத்திக் கன்றுகள் நடப்படும் என்ற அறிவிப்பைக் கண்டேன். சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் நட்ட கன்றுகள் சித்திரைக்குள் கருகிப்போனது இதே திட்டில்தான். நாற்றங்கால் பைகள் வந்து இறங்கிவிட்டன, வேலைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, பதாகைகூட அச்சாகிவிட்டதாகக் கேள்வி. மண்ணைப் பரிசோதித்ததாக மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் காட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை கூப்பு முறையில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரங்களை மொத்தமாக வெட்டியதில், வெயில் பட்ட தரை ஈரம் வற்றி அமிழ்ந்து பள்ளமானதும், உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பேறியதும், அந்த உப்பில் எதுவும் முளைக்காமல் போனதும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்றவற்றத்தில் வந்துபோகும் ஓதநீர் ஏறி இறங்க வழி செய்த பிறகே பிச்சாவரத்திலும் இங்கும் கன்றுகள் பிடித்தன. முதலில் நீரோட்டம், பிறகு மண், கடைசியில்தான் கன்று. இந்த வரிசை இப்போது ஏன் தலைகீழானது என்பது எனக்கு விளங்கவில்லை.

மண் நுண்ணுயிரியல் படித்துவிட்டு இங்கே பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். பழக்கதோஷத்தில், பங்குனி மாதம் அந்தத் திட்டில் காய்ந்து நின்ற வெண்கண்டல் என்ற அலையாத்தி வகைக் கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் தேய்த்ததும் தோல் வழன்று வந்தது. அழுகிய முட்டை நாற்றம் சோப்புப் போட்ட பிறகும் கையை விட்டுப் போகவில்லை. சற்றுத் தள்ளி, ஓதம் வந்துபோகும் பழைய வாய்க்கால் கரையில் தானாக முளைத்திருந்த கன்றின் வேரிலோ செம்பழுப்பாகத் துருப் படிந்திருந்தது. அந்தத் துரு நல்ல அறிகுறி. இலை வழியாகவும் தண்டு வழியாகவும் இறங்கும் ஆக்சிஜன் வேரிலிருந்து கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அலையாத்திச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் எட்டும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்களில் ஒரு பெரும் பிரிவு, கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் கொண்டே சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. நீரோட்டம் இருக்கும் இடத்தில் அந்த நஞ்சின் ஒரு பகுதியை ஓதநீர் கழுவிச் செல்லும், ஒரு பகுதியை இரும்பு பிணைத்துக் கருஞ்சேறாக்கும், வேரை ஒட்டி எஞ்சுவதைக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் வேறு பாக்டீரியாக்கள் முறிக்கும். நீர் தேங்கிச் சூடேறிய பள்ளத்தில் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது; சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்று வாங்கும் மூச்சுவேர் விடும் வயது வராத இளங்கன்று முதலில் சாகிறது. ஐப்பசி மழையில் உப்பும் நஞ்சும் நீர்த்திருக்கும்போது நட்டுப் படம் எடுத்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்.

நட வருகிற பெண்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களில் பலர் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள்; கால் வைத்ததுமே இது செத்த சேறு என்று சொல்லிவிடுவார்கள். சிப்பி ஓடு காலைக் கிழிக்க, முழங்கால் சேற்றில் குனிந்து, சென்ற ஆண்டு தாங்களே நட்ட குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் புதுக் கன்றை வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்படும் வேலை. கூலியை நம்பியிருப்பதால் மேற்பார்வையாளரிடம் வாய் திறப்பதில்லை. “டீச்சர், இது நிக்காதுன்னு எங்களுக்கே தெரியுது, அவங்களுக்குத் தெரியாதா?” என்று ஓர் அக்கா என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டேன்.

பொக்லைனை வைத்து அவசரமாகக் கிளறுவதும் தீர்வாகாது. ஆழத்துக் கருஞ்சேற்றை அள்ளிக் கரையில் குவித்தால், அதிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டு, பாக்டீரியாக்களின் வேலையால் கந்தக அமிலமாகிறது. அடுத்த மழை அதைக் கன்றின் காலடிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. நூற்றாண்டுகளாகச் சேற்றில் புதைந்திருந்த கரிமமும் காற்றோடு போகிறது. கரிமத்தைச் சேமிக்கத்தான் இந்த நடவு என்று பதாகையில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாற்றங்கால் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்திறங்கிய பைகளில் இருப்பது செம்மண்ணும் ஆற்று மணலும். காட்டுச் சேறு ஒரு கைப்பிடிகூட இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை வேருக்கு ஊட்டும், உப்புக்குப் பழகிய அசோடோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. அலையாத்தி மண்ணிலிருந்து பிரித்த அசோடோபாக்டர், சுரபுன்னை என்ற அலையாத்தி வகைக் கன்றுகளின் வளர்ச்சியைக் கூட்டியதை நம் நாட்டு ஆய்வாளர்கள் 2004இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் லா பாஸில் யோவ் பஷான் குழுவினர் 1990களிலேயே இத்தகைய சோதனைகளைச் செய்தார்கள். உறை ஊற்றாமல் பாலை மூடி வைத்துவிட்டுத் தயிராகவில்லையே என்று நோவதில் பயனில்லை.

2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய மிஷ்டி என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டம் நாடு முழுவதும் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தியை வளர்க்கப் போவதாகச் சொல்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் நடவு நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. நட்ட கன்றுக்குக் கணக்கு எழுதுகிறோம், நின்ற கன்றுக்கு யார் எழுதுகிறார்கள்? காவிரியின் கடைமடை நாங்கள். கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் நன்னீர் வந்தால்தான் கழிமுகத்தின் உப்பு தணியும். அந்த நீர் குறைவதையும், இறால் பண்ணைக் கழிவு வாய்க்காலில் கலப்பதையும், 2018இல் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களையும் பேசத் தொடங்கினால் மடல் முடியாது. அவை உங்கள் ஒருவர் பொறுப்பில் இல்லை என்பதும் தெரியும். நான் கேட்பது உங்கள் கையில் உள்ளது.

நடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். உப்பு உச்சத்தில் இருக்கும் பங்குனி, சித்திரையில், கரை, பள்ளம், வாய்க்கால் ஓரம் ஆகிய மூன்றிலும், மேல்மண்ணோடு வேர் இறங்கும் ஆழம் வரை உவர்ப்பு, அமிலநிலை, சல்பைடு அளவு ஆகியவற்றைச் சோதியுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நுண்ணுயிர்களை ஆராய்வதற்கு அவர்களிடம் கேட்கலாம். மண் தேறாத இடத்தில் ஓதநீருக்கு வழி விட்டுக் காத்திருங்கள். தாய்மரம் அருகில் இருந்தால் விதை தானே மிதந்து வந்து ஊன்றும்.

ஆகவே, இந்தத் திட்டில் அறிவித்துள்ள நடவை அடுத்த கோடைப் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவைக்குமாறும், இறங்கியுள்ள கன்றுகளை ஓதம் வந்துபோகும் வாய்க்கால் கரைகளுக்கு மாற்றுமாறும், பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நடவு நின்றால் கூலி இழக்கும் பெண்களுக்கு, தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களைக் கையால் தூர்வாரும் வேலையை இந்தப் பருவத்திலேயே வழங்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டைக் கடலோரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர்